தோள் மாறிய சிலுவை

முதல் ஸ்தலத்தில் பிலாத்து கை கழுவிக்கொண்டிருந்தான். அந்தச் சொம்பைப் பார்க்கத்தான் சலேத்துக்குக் கூச்சமாக இருந்தது. ரோமாபுரி கவர்னருக்கு எவர்சில்வர் சொம்பு எங்கிருந்து வந்தது என்று இத்தனை பேரில் ஒருவராவது கேட்கமாட்டார்களா? வெண்கலம் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தாள், ஆனால் கண்ணெதிரே இருந்தது அடுப்படிச் சொம்பு, கை அதைத்தான் நம்பியது, விலாவில் இருந்த நசுங்கலைக்கூட விடாமல் போட்டுவைத்திருக்கிறது. இப்போது அடைக்கல மாதா கோவிலின் சுவரில், மெழுகுதிரி வெளிச்சத்தில், அவள் வீட்டுச் சொம்பு பளபளக்கிறது. தபசுகாலத்தின் முதல் வெள்ளிக்கிழமை, ஆண்டவரின் பாடுகளைப் பதினான்கு ஸ்தலமாகச் சொல்லி ஜெபிக்கிற சாயங்காலச் சிலுவைப்பாதை, உட்கார இடமில்லாத கூட்டம். இரண்டு திரிக்காரப் பையன்களுக்கு நடுவே ஃபாதர் அமலதாஸ் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படமாக நகர்ந்து வரப்போகிறார், ஜனங்கள் இருந்த இடத்திலேயே திரும்பித் திரும்பி முழங்கால் போடப்போகிறார்கள். பழைய சீமைப் படங்கள் கரையான் அரித்துக் கண்ணாடிக்குள்ளேயே மாவாகிப்போன பிறகு, பதினான்கு ஸ்தலத்தையும் பிளைவுட் பலகையில் வரைந்து கொடுத்தது சலேத்துதான். தபால் ஆபீஸ் கவுண்டரில் ஸ்பீட் போஸ்ட் வாங்குகிறவள், ஓவியம் படித்தவள் இல்லை, அதுவரை அவள் வரைந்ததெல்லாம் காக்காய், முருங்கைமரம், புருஷன் தூங்கும் கோலம். முதல் வரிசையில் உட்காருங்கக்கா என்று எல்லாரும் சொன்னார்கள். அவள் பெண்கள் பக்கத்துச் சுவரோரமாகப் போய், பதின்மூன்றாம் படத்துக்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டாள். தலைக்கு மேலே இருப்பதைப் பார்க்கவேண்டியதில்லை பாருங்கள், அதற்காக. மற்ற படங்களைப் பார்த்துவிடலாம். அதை முடியாது.

பிலாத்தை விட்டு ஃபாதர் நகர்ந்தார். இரண்டாவதில் சிலுவையைத் தோளில் வைக்கிறார்கள். தோள், தோள், இந்தத் தோள்தான் மத்தியானத்திலிருந்து அவளைக் கொத்திக்கொண்டிருக்கிறது. படங்களை ஆணியடித்து மாட்டி முடித்துவிட்டு, பங்குப் பேரவைச் செயலாளர் சூசைமாணிக்கம் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கோவிலை ஒரு சுற்றுச் சுற்றினார், இரண்டாம் தடவை சுற்றினார், அப்புறம் தலையைச் சொறிந்துகொண்டு பக்கத்தில் வந்தார். "சலேத்தக்கா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?" என்றார். "ரெண்டு, மூணு, நாலு வரைக்கும் சிலுவ இடது தோள்ல இருக்கு. அஞ்சுலருந்து வலது தோள்ல இருக்கு. நடுவழியில மாத்திக்கிட்டாரோ?" கேலி இல்லை, அந்த மனுஷனுக்குக் கேலி வராது, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார், அதுதான் எரிச்சல். சலேத் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தாள். எப்படி நடந்தது என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது, இன்னொருத்தருக்குச் சொல்லத்தான் முடியாது. சிலுவை சுமக்கிற மாதிரி யாரும் நின்று காட்ட முன்வராதபோது அவளே நின்றாள். பரணுக்குப் போடும் மர ஏணியை எடுத்து வலது தோளில் சாய்த்துக்கொண்டு, புடவைக்கு மேலே போர்வையைச் சுற்றிக்கொண்டு, பீரோக் கண்ணாடிக்கு முன்னால். ஏணியின் கனம் கழுத்து நரம்பில் ஏறும், ஒரு கையால் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் அட்டையில் கோடு கோடாக இழுப்பாள். கண்ணாடி வலதை இடது பக்கமாகக் காட்டும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் தோள் வலிக்கிறபோது யார் அதை யோசிக்கிறார்கள்? ஐந்தாவதற்கு வந்தபோது தனிஸ்லாஸ் ஒருநாள் கதவைத் திறந்து பார்த்துவிட்டார். பெண்டாட்டி ஏணியைச் சுமந்துகொண்டு போர்வையோடு நிற்கிறாள். "என்னடி இது கூத்து?" என்றவர் அப்புறம் முனகிக்கொண்டே தானே ஏணியை வாங்கி அதே வலது தோளில் தூக்கிக்கொண்டார். அவரைக் கண்ணாடி இல்லாமல் நேரே பார்த்து வரைந்தாள், சிலுவை அதற்குரிய தோளுக்குப் போய்விட்டது. இவ்வளவுதான் விஷயம். ஒரு பீரோக் கண்ணாடி செய்த வேலைக்கு முன்னால் இப்போது பங்கு ஜனமே முழங்காலில் நிற்கிறது.

எங்கள் பேரில் தயவாயிரும் சுவாமி. ஒரு ஸ்தலம் முடிந்தால் ஒருத்தர் மன்றாட்டைச் சொல்ல, கோவில் முழுக்க இப்படிப் பதில் சொல்லவேண்டும், அவளும் உதட்டை அசைத்தாள். உதடு மட்டும்தான். மூன்று வருஷமாக அப்படித்தான், ஞாயிறு பூசை, திருநாள் தேர், ஜெபமாலை எல்லாவற்றுக்கும் வாய் திறந்து மூடுகிறது, சத்தம் வருவதில்லை. இதைத் தனிஸ்லாஸும் கண்டுபிடிக்கவில்லை. கூட்டத்தில் ஒரு தொண்டை குறைந்தால் யாருக்குத் தெரியும்? பெர்னா போனதிலிருந்து. பெர்னதெத், தங்கச்சி, கூடப்பிறந்தவள் என்று அவளுக்கு இருந்த ஒரே ஆள். அவள் பிழைத்தால் வேளாங்கண்ணிக்கு நடந்தே வருகிறேன் என்று நேர்ந்துகொண்டாள், நடப்பதற்கு வேலை இல்லாமல் போயிற்று. அதற்கப்புறம் யாரிடம் என்ன பேசுவது? சண்டை போடுவதற்குக்கூட எதிரில் ஆள் வேண்டும். அப்படிப்பட்டவளிடம்தான் ஃபாதர் வந்து கேட்டார். "நீங்க நல்லா வரைவீங்கன்னு உங்க வீட்டு சார் சொன்னார். நம்ம கோவிலுக்குப் பண்ணிக் குடுங்களேன், ஜெபம் பண்ணிக்கிட்டே வரைங்க, தானா வரும்." அப்போதே முடியாது ஃபாதர் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரைக்கும் வந்தது. ஆனால் பதினான்கு பலகை, வெள்ளைப் பூச்சு காய்ந்து வரிசையாகச் சுவரில் சாய்ந்து நிற்கிற காட்சி அதற்குள் கண்ணுக்குள் வந்துவிட்டது, ஆசை வந்துவிட்டது, சரி ஃபாதர் என்றாள். ஆசைதான். பக்தி இல்லை, ஒரு துளிகூட இல்லை. ஜெபம் பண்ணிக்கொண்டே வரையவில்லை, முழங்கை சரியாக மடங்கவில்லையே என்று பல்லைக் கடித்துக்கொண்டு வரைந்தாள். ரத்தம் குங்குமம் கரைத்த மாதிரி வந்துவிட்டது என்று கொஞ்சம் காப்பிக் கலரைச் சேர்த்து, அதில் ஒரு சொட்டு நீலம் விட்டு, நெற்றியில் ஓடவிட்டபோது அசல் ரத்தமாகிவிட்டது, அன்றைக்கு அவளுக்கு என்ன சந்தோஷம்! ஆண்டவருடைய காயத்தைப் பார்த்துச் சிரித்தவள் அவளாகத்தான் இருப்பாள். சிரித்துவிட்டு, தனிஸ்லாஸைக் கூப்பிட்டுக் காட்டி, காப்பி போட்டுக் குடித்தாள். அப்படி வரைந்ததற்கு முன்னால் இவர்கள் கண்ணை மூடிக்கொண்டு உருகுகிறார்கள். பக்கத்தில் ரெஜினா மூக்கை உறிஞ்சுகிறாள். இது ஏமாற்று வேலை இல்லையா? பாலில் தண்ணீர் கலப்பதைவிட மோசம் இல்லையா? பூசை முடிந்ததும் ஃபாதரிடம் போய்ச் சொல்லிவிடவேண்டும், நான் விசுவாசம் இல்லாமல் வரைந்தேன், கழற்றிவிடுங்கள். சொன்னால் என்ன நடக்கும்? தனிஸ்லாஸ் முகம் சுருங்கிப்போகும். நேற்று ராத்திரி அவர் மகளுக்குப் போன் போட்டு, உங்கம்மா வரைஞ்ச படத்தை ஃபாதர் மந்திரிச்சு ஆசீர்வதிக்கப்போறார் என்று பெருமையடித்தது காதில் இருக்கிறது. இருந்தாலும் சொல்லிவிடவேண்டும். இன்றைக்கே சொல்லிவிடவேண்டும்.

நான்காவதில் மாதா வந்தாள், போனாள். ஐந்தாவதற்கு முன்னால் ஃபாதர் நின்று, மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, புத்தகத்தை மூடினார். புத்தகத்தை மூடினால் சொந்தமாகப் பேசப்போகிறார் என்று அர்த்தம், சலேத் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். "பிரியமானவர்களே, கவனிச்சுப் பாருங்க. இதுவரைக்கும் நம்ம ஆண்டவர் சிலுவையை எந்தத் தோள்ல சுமந்தார்? இடது. இப்ப? வலது தோள்ல. தாயைச் சந்திச்ச பிறகு அவர் தோள் மாத்திக்கிட்டார். ஏன்? வலி. நம்ம கடவுள் வலி தெரியாத கடவுள் இல்ல. நம்மள மாதிரியே, ஒரு பக்கம் தாங்க முடியாம, மறுபக்கம் மாத்திக்கிட்ட மனுஷன். இதை நமக்குக் காட்டிக் குடுத்த சகோதரி சலேத்துக்கு, ஜெபத்துல ஆண்டவரே இதை உணர்த்தியிருக்கணும்." நூறு தலை திரும்பியது. ஆண்கள் பக்கத்திலிருந்து தனிஸ்லாஸ் திரும்பி, அந்த ஏணியைச் சுமந்தவன் நான்தான் என்று முகம் முழுக்க எழுதிவைத்துக்கொண்டு பார்த்தார். சூசைமாணிக்கம் தூணில் சாய்ந்தபடி, விடை கிடைத்துவிட்ட திருப்தியில் மெதுவாகத் தலையாட்டினார். ரெஜினா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, ஒங்களுக்கு எப்பிடிக்கா இதெல்லாம் தோணுது?" என்றாள். சலேத்துக்கு முதலில் வந்தது நிம்மதிதான், பொய் சொல்வானேன், தப்பு தப்பாகத் தெரியாமல் போனதில் யாருக்கும் நிம்மதி வரத்தான் செய்யும். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு கோபம் வந்தது. எதற்குக் கோபம் என்று அவளுக்கே பிடிபடவில்லை. கண்ணாடி செய்த பிசகை ஆண்டவர் உணர்த்தினார் என்று ஒரு படித்த மனுஷன் சொல்வதா? அது இல்லை, ஃபாதர் பாவம், இருக்கிறதை வைத்து ஒப்பேற்றினார், நல்ல பிள்ளை. ஊரே அவளைப் புண்ணியவதி ஆக்கிவிட்டதா? அதுவும் இல்லை. வேறு ஏதோ. மாத்திக்கிட்டார் என்ற அந்த ஒரு வார்த்தை முள்ளு மாதிரி உள்ளே போய் நின்றுகொண்டது. ஒரு பக்கம் தாங்க முடியாமல் மறுபக்கம் மாத்திக்கிட்டார். மாத்திக்கிட்டாராம்.

வெரோணிக்காள் முகம் துடைத்தாள், ஆண்டவர் இரண்டாம் தரம் விழுந்தார், திரிகள் கோவிலின் பின்வாசலைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கத்துச் சுவருக்கு வந்தன. மெழுகு வாசனையும் கூட்டத்தின் வியர்வையும் சேர்ந்து ஆஸ்பத்திரி வார்டு மாதிரி ஒரு புழுக்கம், அல்லது அவளுக்குத்தான் அந்த ஞாபகம் வந்ததால் அப்படித் தோன்றியதோ. அந்த வார்டில் பெர்னாவின் கட்டில் சுவரோரம். இடுப்பெலும்பில் வந்து உட்கார்ந்துகொண்ட நோய், வலது பக்கம் சாய்ந்தால் உயிர் போகும், மல்லாந்தால் முதுகுப் புண், கடைசியில் இடது பக்கம் ஒன்றுதான் மிச்சம். இடது பக்கம் சுவர். சுண்ணாம்பு உரிந்த பச்சைச் சுவர், அதையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். சன்னல் முதுகுக்குப் பின்னால். "அக்கா, இந்தப் பக்கமே கெடந்து சலிச்சுப்போச்சுக்கா. ஒரே ஒரு தடவ அந்தப் பக்கம் திருப்பிவிடேன்" என்பாள். நர்ஸம்மா கூடாதென்று சொல்லியிருந்தாள், சலேத் திருப்பவில்லை. மாதாவைக் கேளுடி, திருப்பிவிடுவா என்றாள், அவளே ராவெல்லாம் கேட்டாள், பெர்னாவும் கேட்டாள், ஒருத்தரும் திருப்பிவிடவில்லை. அப்புறம் ஒருநாள் பெர்னா, "அந்தப் பக்கம் என்னதாங்கா இருக்கு?" என்றாள். சொல்லத் தெரியாமல், மருந்துச்சீட்டு வைக்கிற கவரைக் கிழித்து, பேனாவால் சன்னலில் தெரிவதை வரைந்தாள் சலேத். ஒரு தண்ணீர்த் தொட்டி, அதன் மேல் ஒரு காக்காய், துணி காயும் கயிறு. பள்ளிக்கூடத்துக்குப் பிறகு அவள் வரைந்த முதல் படம். பெர்னாவின் கண்ணுக்கு நேரே பச்சைச் சுவரில் பிளாஸ்திரி போட்டு ஒட்டினாள். பெர்னா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "காக்கா கொஞ்சம் குண்டு" என்றாள், சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக மறுநாளும் வரைந்தாள், அதற்கு மறுநாளும். வரைய வரையக் கண் கெட்டுப்போயிற்று. கெட்டுப்போயிற்று என்றுதான் சொல்லவேண்டும், சன்னலைப் பார்க்கப் பழகிய கண் தங்கச்சியையும் அப்படியே பார்க்க ஆரம்பித்துவிட்டது. கடைசி நாள் விடியற்காலையில் பெர்னாவுக்கு மூச்சு வாங்கியபோது, எல்லாரும் ஜெபமாலை சொன்னபோது, இவள் மட்டும் அந்த மூடிய இமைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நாவல்பழத்தின் தோலை ஈரத்துணியால் துடைத்த மாதிரி ஒரு நிறம், இது எந்த நீலம், இதற்கு என்ன கலக்கவேண்டும் என்று. தங்கச்சி சாகிறாள், அக்காள் நிறம் பார்க்கிறாள். சீ. அதற்கப்புறம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு ஜெபம் சொல்வாள்? ஆண்டவர் காது கொடுக்கவில்லையா, அவள் கேட்பதை நிறுத்திவிட்டாளா, எது முந்தி என்று இன்றைக்குவரைக்கும் அவளுக்குப் புரியவில்லை. அந்த நீலத்தை மட்டும் மறக்கவில்லை. பதின்மூன்றாம் படத்தில் அது இருக்கிறது.

ஆணி அடித்தார்கள். பன்னிரண்டாவதில் உயிர் விட்டார், கோவில் முழுக்கத் தரையில் விழுந்து உதடு பட முத்தி செய்தது, அவளும் குனிந்தாள், தரை வெயிலை இன்னும் வைத்துக்கொண்டிருந்தது. நிமிர்ந்தபோது திரி வெளிச்சம் அவள் மடியில் விழுந்தது. வந்துவிட்டார்கள். ஃபாதரின் செருப்பு அவளுக்கு ஒரு முழ தூரத்தில் இருந்தது. பதின்மூன்றாம் ஸ்தலம், இறக்கிய உடலைத் தாயின் மடியில் வைக்கிறார்கள். உலகத்தில் எந்தக் கோவிலில் பார்த்தாலும் அந்த உடல் மல்லாந்து கிடக்கும், முகம் வானத்தைப் பார்க்கும். அவள் படத்தில் அது இடது பக்கம் ஒருக்களித்துக் கிடக்கிறது, முகம் தாயின் வயிற்றுப் பக்கம் திரும்பியிருக்கிறது, சுவரைப் பார்ப்பது போல. ஏன் அப்படி வரைந்தாய் என்று சூசைமாணிக்கம்கூடக் கேட்கவில்லை. அவளுக்கு வேறு மாதிரி வரையத் தெரியவில்லை, மூன்று தடவை அழித்தாள், மூன்று தடவையும் கை அப்படியே படுக்கவைத்தது. எல்லாரும் அவள் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரெஜினாவின் அழுகை சத்தமாகிவிட்டது. ஃபாதர் மைக்கைத் தாழ்த்திக்கொண்டு, "இந்த இடத்துல, நம்ம வீட்டுல இறந்துபோனவங்கள நினைச்சு, கொஞ்ச நேரம் மௌனமா இருப்போம்" என்றார். மின்விசிறிகள் மட்டும் சுற்றின. மௌனம் வேண்டாமே என்று நினைத்தாள் சலேத், ஏதாவது பாட்டுப் பாடித் தொலையுங்களேன், இவ்வளவு அமைதி ஆகாது. தோள் எரிந்தது, வலது தோள், ஏணி உட்கார்ந்த அதே இடம். கண்ணாடிக்கு முன்னால் அந்தக் கனத்தோடு நின்றபோதெல்லாம் அவள் வாய் என்னவோ முணுமுணுத்துக்கொண்டிருந்ததே, அது என்ன? இப்படித்தான் தூக்கினாயா? இங்கேயா அழுத்தியது? வலிக்கட்டும், நன்றாக வலிக்கட்டும் உனக்கு. இத்தனை மாசமாகக் கதவைச் சாத்திக்கொண்டு யாரைத் திட்டிக்கொண்டிருந்தாள்? எதிரில் ஆள் இல்லை என்று சொன்னவள், யாரிடம் அப்படி மல்லுக்கு நின்றாள்? மாத்திக்கிட்டார் என்ற வார்த்தை உள்ளே ஒரு புரட்டுப் புரட்டியது. அவள் முழங்காலில் அப்படியே திரும்பி, மூன்று வருஷமாகப் பார்க்காதவளைப் பார்ப்பதுபோல அண்ணாந்து பார்த்தாள். நாவல்பழ நிறத்தில் மூடிய இமைகள். தொண்டையில் இருந்தது தானாகவே வெளியே வந்துவிட்டது.

"ஒனக்கு மாத்திக்க இன்னொரு தோளு இருந்துச்சு. அவளுக்கு அந்தப் பக்கம் திரும்பிப் படுக்கக்கூட விடலயே நீ, சாமி!"

அந்த நிசப்தத்தில் அது கோவிலின் கடைசிவரைக்கும் கேட்டது. ஃபாதர் கண்ணைத் திறந்து பார்த்தார். தனிஸ்லாஸ் பாதி எழுந்துவிட்டார். சலேத்துக்கு அப்போதுதான் உறைத்தது, போச்சு, மானம் போச்சு, கோவிலுக்குள் ஆண்டவரை நீ என்று கூப்பிட்டுச் சண்டை போட்டாகிவிட்டது, இனி யாரிடமும் தனியாகப் போய்ச் சொல்லவேண்டியதே இல்லை. ஆனால் பெண்கள் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு முழங்காலில் இருந்தவர்களுக்கு ஒன்று மட்டும்தான் தெரியும், ஒருத்தர் சொல்லி முடித்தால் மற்றவர்கள் பதில் சொல்லவேண்டும். சின்ன வயசிலிருந்து வந்த பழக்கம். ரெஜினா அழுகையோடு ஆரம்பித்தாள், பின்வரிசைகள் சேர்ந்துகொண்டன, ஆண்கள் பக்கம் சேர்ந்துகொண்டது.

"எங்கள் பேரில் தயவாயிரும் சுவாமி."

பெர்னாவைத் தெரியாதவர்கள், அந்தப் பச்சைச் சுவரைத் தெரியாதவர்கள், அத்தனை பேரும் அவளுக்காகக் கேட்டார்கள். யாரும் நிறுத்தாததால் அவர்கள் இரண்டாம் தரமும் சொன்னார்கள். அந்த இரண்டாம் தரத்தில் சலேத்துக்குத் தன் குரல் காதில் விழுந்தது, கரகரவென்று, சுருதி சேராமல். கோபம் ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை. அந்தக் கோபத்தோடுதான் சொன்னாள், சத்தமாகச் சொன்னாள்.